முதல் அறிவிப்பாளர்

பெரிய பள்ளிவாசல் இமாமைப் பெற்ற தாய் அவரைச் சபித்துவிட்டுத்தான் கண்ணை மூடினாளாம்.

லிஃப்ட்காரரின் காதுக்கு இந்தச் செய்தி வந்து சேர்ந்தது ஓர் அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறைக்குள். கொண்டுவந்தவர் பேட்டரி. கூட வேலை பார்ப்பவர். இரண்டு போன் வைத்துக்கொண்டு இரண்டிலும் சார்ஜ் இல்லாமல் அல்லாடுகிறவர் என்பதால் அந்தப் பெயர். வேறு கிளையிலிருந்து மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிரேக்கில் படிந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருப்பவர் அந்த இமாமின் கூடப்பிறந்த அண்ணன் என்பது அவருக்குத் தெரியாது.

"பெத்தவ வயிறெரிஞ்சு சொன்னா சும்மா விடுமாண்ணே? அந்த ஆளு இப்ப முன்னாடி நின்னு தொழ வைக்கிறதே இல்லையாம். அவருக்குப் பின்னாடி நிக்கலாமா வேண்டாமான்னு ஜனங்களும் முணுமுணுக்குதாம்."

லிஃப்ட்காரர் துணியைக் கீழே வைக்கவில்லை. துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"உனக்கு யார் சொன்னது?"

"முடி வெட்டுறவர்தான். அவருக்குத் தெரியாத சேதி உண்டா?"

"அவருக்கு யார் சொன்னது?"

பேட்டரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னண்ணே, போலீஸ் மாதிரி கேக்கிறீங்க. சேதின்னா சேதி. அதுக்கு அப்பன் ஆத்தா யாருன்னெல்லாம் விசாரிப்பாங்களா?"

லிஃப்ட்காரர் விசாரிப்பார். விசாரித்து விசாரித்துத்தான் தனி ஆளாக நின்றார்.

அவர் தொழில் அப்படி. லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவன் மெயின் ஸ்விட்சைத் தன் கையால் அணைக்க வேண்டும். அணைத்து, அதன்மேல் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். 'அணைச்சாச்சு, இறங்கு' என்று கூட இருப்பவன் சொன்னால் போதாது. அவன் பொய்யன் என்பதல்ல காரணம். அவன் பக்கத்து லிஃப்டின் ஸ்விட்சை அணைத்திருப்பான். அல்லது அவனிடம் இன்னொருவன் சொல்லியிருப்பான். யோக்கியமான ஒருவன் சொன்னதை நம்பி இறங்கி, கையைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர்களை லிஃப்ட்காரர் பார்த்திருக்கிறார்.

ஆனால் மார்க்க விஷயத்தில் இந்தப் புத்தி அவருக்குத் தானாக வரவில்லை. தொடங்கி வைத்தது அம்மா. ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பிரசங்கம் வீட்டுக்குள் வரை கேட்டுக்கொண்டிருந்தது. தம்பி அப்போது வெளியூரில் மார்க்கக் கல்வி ஓதிக்கொண்டிருந்தான். பேசியது வேறொரு இமாம். பெண்களுக்குப் புத்தி குறைவு என்று நபி சொன்னதாக ஒரு செய்தியை எடுத்து நீட்டி முழக்கினார். அடுப்படியில் நின்ற அம்மா கரண்டியைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள். "அவங்க அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்கப்பா" என்றாள். கோபமாகக்கூட இல்லை. நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பற்றி யாரோ தப்பாகச் சொன்னதுபோலச் சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்பைத் தணித்தாள், அதோடு மறந்தும் போனாள். மகனால்தான் மறக்க முடியவில்லை.

அவருக்கு இரண்டு மொழி படிக்க வரும். இரண்டிலும் படித்தார். நபி சொன்னதாகவும் செய்ததாகவும் வாய்வழியாக வந்து, பின்னால் தொகுக்கப்பட்ட செய்திகள்தாம் ஹதீஸ். ஒவ்வொன்றுக்கும் முன்னால், இன்னார் இன்னாரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார் என்று அறிவிப்பாளர்களின் சங்கிலி ஒன்று இருக்கும். அந்தச் சங்கிலிகளைச் சலித்து எடுக்க அறிஞர்கள் ஆயுள் முழுக்கப் பாடுபட்டிருக்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் மனம் அதில் நிற்கவில்லை. குர்ஆன் போதும் என்ற இடத்தில் போய் நின்றது.

தம்பி ஓதி முடித்து வந்தபோது வீட்டில் நடந்த வாக்குவாதங்களைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தொலைக்காட்சியைத் தணித்து வைத்துக் கேட்டார்கள். தம்பி சளைத்தவனில்லை. "குர்ஆன் மட்டும் வானத்துலேர்ந்து உன் மடியிலயா விழுந்துச்சு? அதையும் மனுஷங்கதானே கொண்டுவந்து சேத்தாங்க?" என்பான். ஒருநாள், நண்பகல் தொழுகையை நாலு சுற்றாக, நாலு ரக்அத்தாகத் தொழுகிறாயே, அது எந்த வசனத்தில் இருக்கிறது என்று மடக்கினான்.

"அத்தா தொழுதாரு. பாத்துப் பழகினேன்."

"அதுதாண்ணே ஹதீஸ்."

அம்மா மட்டும் சிரித்தாள். லிஃப்ட்காரர் அன்றிரவு குர்ஆனைப் புரட்டிப் பார்த்தார். பிறகும் நல்ல பதிலாக ஒன்று கிடைக்கவில்லை. ஆனாலும் நாலு ரக்அத்தைக் குறைக்கவுமில்லை.

தம்பி பெரிய பள்ளிவாசலுக்கு இமாமாக ஆன பிறகுதான் விளையாட்டு வினையாயிற்று. 'உங்க வீட்டுலயே ஒருத்தர் ஹதீஸை மறுக்கிறாராமே' என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி மாளாமல் ஒருநாள் தம்பி வாசலில் நின்றபடியே அம்மாவிடம் முடிவாகச் சொல்லிவிட்டான்: இவன் இருக்கிற வீட்டில் நான் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன்.

"நான் பெத்தது ரெண்டு" என்றாள் அம்மா. "அதுல ஒண்ணைக் கழிக்கச் சொல்லி என்கிட்ட வராதே. கதவு திறந்துதான் இருக்கும். வர்றதும் வராததும் உன் இஷ்டம்."

அவன் வரவில்லை. பழமும் மருந்தும் ஆள் மூலம் வந்தன. போன் வரும். அம்மா வாங்க மாட்டாள். "போன்ல பேசுற பிள்ளையை நான் பெக்கலை. நேர்ல வரச் சொல்லு" என்று அவன் காதில் விழும்படியே சத்தமாகச் சொல்வாள். லிஃப்ட்காரர் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருவருக்கும் நடுவில் நிற்பார். தம்பி வைத்துவிடுவான்.

இந்தத் தனிமைக்கு மாற்றாக அவருக்கு ஒரு கூட்டம் கிடைக்கத்தான் செய்தது. அவரைப்போலவே எண்ணுகிறவர்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். ஒரு கண்ணாடிக் கடையின் மாடியறையில் வெள்ளிக்கிழமைதோறும் சந்தித்தார்கள். ஆரம்பத்தில் ஊரை விட்டுப் போனவன் சொந்தக்காரனைக் கண்டதுபோல இருந்தது. பிறகு, தொழுகை அஞ்சு வேளையா மூணு வேளையா என்ற கேள்வி வந்தது. மூணு என்றவர்கள் ஒரு பக்கம் போனார்கள். அவர்களில் ஒருவர், ஆழ்ந்து பார்த்தால் இரண்டுதான் என்று கண்டுபிடித்தார். தொழுகை என்பதே உடம்பால் செய்வதல்ல என்றார் இன்னொருவர். அவர் பிறகு வரவேயில்லை, உடம்பால் வருவானேன் என்று நினைத்திருக்கலாம். கடைசியில் அந்த மாடிக்கு லிஃப்ட்காரரும் கண்ணாடிக் கடைக்காரரும் மட்டும் மிஞ்சினார்கள். ஒருநாள் கடைக்காரர் மெதுவாக, பேரப்பிள்ளைக்குப் பெண் பார்க்கிறோம், ஊர் வாய்க்குப் பயப்பட வேண்டியிருக்கிறது என்றார். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லிஃப்ட்காரர் படியிறங்கினார்.

அப்புறம் அம்மாவும் அவரும் மட்டும். அவர் மனைவி மகளின் பிரசவத்துக்காக வேறு ஊர் போனவள், குழந்தை பிறந்தும் அங்கேயே இருந்தாள். வேலை முடிந்து வந்தால், அம்மா தஸ்பீஹ் மணியை உருட்டியபடி அவருக்காகக் காத்திருப்பாள். நபியின் பெயர் வந்தால் ஸலவாத்து என்னும் வாழ்த்தைச் சொல்வாள். அவர் சொல்ல மாட்டார். அவருக்கும் சேர்த்து இன்னொரு தடவை சொல்லிக்கொள்வாள்.

அம்மா படுத்தபோது ஆஸ்பத்திரியில் கூட இருந்தது அவர் ஒருவர்தான். கடைசியில் நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. ஊசி போட வந்த நர்ஸை, என்றோ இறந்துபோன தன் அக்காவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தண்ணீர் வேண்டுமா என்றால், வேண்டாம், பஸ் வந்துவிடும் என்றாள். அன்று பிற்பகல், ஜன்னல் திரையை அவர் இழுத்து மூடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் கேட்டது.

"சின்னவன் வந்தா பசியோட அனுப்பிடாதே."

அவர் திரும்பினார். கண் மூடியிருந்தது. "என்னம்மா?" என்றார். அதன் பிறகு அம்மா பேசவில்லை.

அடக்கத்தலத்தில் வைத்து, இறந்தவருக்கான ஜனாஸா தொழுகையைத் தம்பிதான் முன்னால் நின்று நடத்தினான். அந்தத் தொழுகையின் முறை எந்த வசனத்திலும் இப்படி இப்படி என்று இல்லை. லிஃப்ட்காரருக்கு அது தெரியும். ஆனாலும் கடைசி வரிசையில் போய் நின்றார். மற்றவர்கள் கைகட்டியபோது கைகட்டினார். அம்மாவை அனுப்பிவைக்க இது போதுமா என்ற கேள்வியை அன்றைக்கு ஒருநாள் ஒதுக்கி வைத்தார். அடக்கம் முடிந்து திரும்பும்போது அண்ணனும் தம்பியும் தெருவின் ஆளுக்கொரு ஓரத்தில் நடந்தார்கள்.

சில நாள் கழித்துத் தம்பி போன் செய்தான்.  

"அம்மா என்னைப் பத்தி எதுவும் சொன்னாங்களா? மன்னிச்சிட்டேன்னு… அந்த மாதிரி?"

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஆமாம் என்றிருப்பார்கள். ஒன்றுமே காதில் விழாதவர்கள்கூட அப்படிச் சொல்லித் தேற்றியிருப்பார்கள். லிஃப்ட்காரரால் முடியவில்லை. செத்தவர்களின் வாயில் உயிரோடிருப்பவர்கள் வார்த்தையைத் திணிக்கிறார்கள் என்று இத்தனை காலம் சண்டை போட்டுவிட்டு, பெற்ற தாயின் வாயில் தானே ஒன்றைத் திணிப்பதா? அம்மா மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொன்ன ஒன்றும் நினைவு தப்பிய நேரத்தில் சொன்னது. கேட்டது அவர் ஒருவர் மட்டும். இப்படிப்பட்ட செய்தியை வேறொருவன் கொண்டுவந்தால் ஏற்பாரா? ஏற்க மாட்டார்.

"மன்னிச்சேன்னு சொல்லலை" என்றார்.

"வேற?"

"வேற… தெளிவா எதுவும் இல்லை. மயக்கத்துல இருந்தாங்க."

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டு வைத்தான். அவன் அண்ணே என்று கூப்பிட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. அதையே நினைத்துக்கொண்டு லிஃப்ட்காரர் அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருந்தார். உள்ளதை உள்ளபடி சொன்னோம், ஒரு சொல் கூட்டவில்லை என்று நினைத்தார். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இப்போது பேட்டரி இந்தச் செய்தியைக் கொண்டுவந்து முன்னால் வைக்கிறார்.

வேலை முடிந்ததும் லிஃப்ட்காரர் நேராக முடி வெட்டும் கடைக்குப் போனார். வெட்டுவதற்குத் தலையில் பெரிதாக ஒன்றும் இல்லை. இருந்தும் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியில் அவரைப் பார்த்ததும் முடி வெட்டுகிறவர் பேச்சை அடக்கிக்கொண்டார். இவர் யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டு கேள்விக்குப் பிறகுதான் வாய் திறந்தது.

"சபிச்சாங்கன்னு நான் சொல்லலைங்க. அந்த வார்த்தை என் வாயில வராது. கோபத்தோட போய்ட்டாங்கன்னுதான் சொன்னேன். மோதினார் சொல்லித்தான் எனக்கே தெரியும்."

பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்கிற மோதினார், கால் கழுவும் தொட்டியின் குழாயில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் அந்த வாசலை மிதித்து வெகுகாலம் ஆகிறது. மோதினார் ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளாமல், பிடித்துக்கொள்ளுங்கள் என்று குழாயை நீட்டினார். பிடித்துக்கொண்டார்.

"நான் கோபம்னு சொன்னேனா? இல்லையே. தாய் மன்னிக்கலைன்னு இமாம் கலங்கிப் போயிருக்காரு, அவருக்காக துஆச் செய்யுங்கன்னுதான் ரெண்டு மூணு பேர்கிட்ட சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"உங்களுக்கு யார் சொன்னது?"

மோதினார் நூலைக் கடித்து அறுத்தார். கேள்வியே விளங்காதவர்போலப் பார்த்தார்.

"உங்க தம்பிதான். இந்தத் திண்டுல உக்காந்து குழந்தை மாதிரி அழுதாரு. 'அம்மா மன்னிக்கலை, அண்ணன் சொல்லிட்டான்'னாரு. அவன் பொய் சொல்ல மாட்டானேன்னு திரும்பத் திரும்பச் சொன்னாரு. அப்புறம் முன்னாடி நிக்க மனசு வரலைன்னு லீவு போட்டுட்டு மாமனார் ஊருக்குப் போய்ட்டாரு. திரும்பி வருவாரான்னே தெரியலை."

சங்கிலி அங்கே முடிந்தது. பேட்டரி, முடி வெட்டுகிறவர், மோதினார், தம்பி, தான். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் கண் மூக்கு வைத்ததோடு சரி. முதல் ஆள் எதையும் சேர்க்கக்கூட இல்லை. அவர் செய்தது வேறு. பாதியை விழுங்கியிருந்தார்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டார். அம்மாவின் கட்டில் மடித்து வைத்த போர்வையோடு இருந்தது. சட்டையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். வழக்கமான நேரத்துக்கு மனைவியின் போன் வந்தது. குழந்தைக்குச் சளி, இரவெல்லாம் தூக்கமில்லை, சாப்பிட்டீர்களா என்று அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். நடுவில் நிறுத்தி, ஏன் ஒரு மாதிரி இருக்கிறீர்கள் என்றாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஆஸ்பத்திரியில் கேட்டதையும் சொன்னார். அதை வெளியே சொல்வது அதுதான் முதல் தடவை.

மறுமுனையில் அவள் இருமுகிற குழந்தையைத் தோள் மாற்றிக்கொள்வது கேட்டது.

"அத்தை அப்படியா சொன்னாங்க?" என்றாள். "இதை நீங்க தம்பிகிட்ட சொல்லலையா?"

"அது மன்னிப்பு இல்லையே. நினைவு இல்லாத நேரம் வேற. நர்ஸையே அக்கான்னு…"

"ஏங்க, உசிரு போற நேரத்துல பிள்ளையோட வயித்தை நினைச்சவங்க அதுக்கு மேல எப்படி மன்னிப்பாங்க? எழுதிக் கையெழுத்துப் போட்டா தருவாங்க?"

"நானா ஒரு அர்த்தம் சொல்லக் கூடாதுன்னுதான்."

"அர்த்தம் சொல்லச் சொல்லி உங்களை யாரு கேட்டா? காதுல விழுந்ததைச் சொல்ல வேண்டியதுதானே. அர்த்தத்தை அவரு பாத்துக்குவாரு. நீங்க எதுக்கு நடுவுல உக்காந்து தீர்ப்புச் சொல்றீங்க?"

அவள் அதைச் சண்டையாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, குழந்தை அழுகிறது, பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள். வீடு பழையபடி ஆயிற்று. கீழே யாரோ வண்டியை உதைத்துப் பார்த்து, கிளம்பாமல், மறுபடி உதைத்தார்கள்.

தம்பியின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு அவர் ரொம்ப நேரம் அழுத்தவில்லை. பயம் வேறெங்கிருந்தோ வந்தது. இப்போது போய்ச் சொன்னால் அவன் நம்புவானா? அவன் படித்த படிப்பில், செய்தி சொல்கிறவனைத்தான் முதலில் எடை போடுவார்கள். நினைவாற்றல் எப்படி, நாணயம் எப்படி, கொள்கை எப்படி என்று பார்ப்பார்கள். அன்றைக்கு ஒன்றும் இல்லை என்றவன் இன்றைக்கு ஒரு வாக்கியத்தோடு வருகிறான். முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிற சாட்சி. கொள்கையோ கேட்கவே வேண்டாம். அண்ணன் இரக்கப்பட்டு இட்டுக்கட்டுகிறான் என்று அவன் நினைத்தால் அதில் தப்பும் சொல்ல முடியாது. லிஃப்ட்காரரே அவன் இடத்தில் இருந்தால் அப்படித்தான் தள்ளுவார். அவன் பொய் சொல்ல மாட்டானே என்று தம்பி தன்மேல் வைத்திருந்த அந்த ஒரு நம்பிக்கை இன்னும் மிச்சமிருக்க வேண்டும். இல்லையென்றால், கேட்டவர் ஒருவரே ஒருவர் என்பதால், அம்மாவின் கடைசி வார்த்தை அவரோடு போய்விடும்.

அழுத்தினார்.

மணி போயிற்று. என்ன சொல்ல வேண்டும் என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். முன்னுரை எதுவும் வேண்டாம். பகல் வேளை, திரையை மூடிக்கொண்டிருந்தேன், கண்ணைத் திறக்காமல் சொன்னாங்க, நினைவு தப்பித் தப்பி வந்த நாள் அது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அப்புறம் அந்த வாக்கியம், அம்மா சொன்னபடியே. பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

மணி நின்று, பதிவு செய்த ஒரு பெண் குரல் சிறிது நேரம் கழித்து அழைக்கச் சொன்னது. அவர் உடனே மறுபடி அழுத்தினார். மாமனார் வீட்டுக் கூடத்தில் அந்த போன் எங்கே இருக்கும் என்று தெரியவில்லை. மேசைமேல் யாருமில்லாமல் கிடக்கலாம். அவன் கையிலேயே இருக்கலாம். திரையில் எழுந்த பெயரைப் பார்த்தபடி, எடுக்கலாமா வேண்டாமா என்று உட்கார்ந்திருக்கலாம். லிஃப்ட்காரர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். எடுத்துவிட்டால் உட்கார்ந்தபடி சொல்லக் கூடாது என்று தோன்றியது. காதோடு அழுத்திப் பிடித்த போனில் மணி போய்க்கொண்டே இருந்தது.